131-ஆம் டவரின் கடைசி நம்பர்

இது நடந்தது. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டது இல்லை, எனக்கே நடந்தது. பேய் என்றால் அமாவாசை, நடுச்சாமம், நாய் ஊளை என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் ஏமாந்து போவீர்கள். எனக்கு வந்தது பட்டப்பகலில் வந்தது. மதியம் பன்னிரண்டு ஐம்பதுக்கு. ஆபீஸில், டியூப்லைட் வெளிச்சத்தில்.

முதலில் நாற்றம்தான் வந்தது. நான் இயல்பிலேயே கொஞ்சம் அருவருப்பு ஜாஸ்தி உள்ள ஆள். அடுத்தவர் குடித்த டம்ளரைத் தொட மாட்டேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் இறங்கியதும் கை கழுவுவேன். அப்படிப்பட்டவனைத் தேடிப் பிடித்து வந்திருக்கிறது.

என் பெயர் வொங்கானி. மலாவியில், பிளான்டயர் நகரத்தில், மொத்தமாக மெசேஜ் அனுப்பும் கம்பெனி ஒன்றில் புரோகிராம் எழுதுகிறேன். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் வேலை போகும். புயல் மழைக் காலத்தில் எங்களுக்கு ஒரே வேலைதான். ஷிரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் அத்தனை பேர் போனுக்கும் ‘மேட்டுக்குப் போங்கள்’ என்று மெசேஜ் அனுப்ப வேண்டும்.

யார் யார் அங்கே இருக்கிறார்கள் என்பதை டவர்கள் சொல்லும். ஒவ்வொரு டவரும் தன் பக்கம் வந்து போன நம்பர்களை, சின்னதிலிருந்து பெரியது வரை அடுக்கி, ஒரு ஃபைலாக அனுப்பும். எங்களுக்கு வருவது இருநூறுக்கும் மேற்பட்ட ஃபைல்கள். எல்லாம் சேர்த்து இரண்டு கோடி வரிகளுக்கு மேல். ஒரே ஆள் பத்து டவர் பக்கம் நடந்திருந்தால் பத்து ஃபைலிலும் இருப்பான். இத்தனையையும் ஒன்றாக்கி, ஒரு நம்பர் ஒரு தடவை மட்டும் வருகிற மாதிரி ஒரே பட்டியலாக்குவது என் வேலை.

எனக்கு முன்னால் இருந்தவர் அத்தனையையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கிண்டுகிறவர். எங்கள் கிழட்டு மெஷின் ஐந்து மணி நேரம் முக்கிவிட்டு, பாதி நாள் படுத்தே விடும். நான் வந்துதான் மாற்றினேன். ஏற்கெனவே வரிசையில் நிற்பவர்களை எதற்குக் கலைக்க வேண்டும்? ஒவ்வொரு வரிசையிலும் முன்னால் நிற்கும் நம்பரை மட்டும் பார். அதில் சின்னது எதுவோ அதை எடு. அந்த வரிசை ஓரடி நகரும். மறுபடி பார். ஒவ்வொரு தடவையும் எல்லாரையும் பார்க்கக்கூட வேண்டாம். கால்பந்து நாக்-அவுட் மாதிரி ஜோடி ஜோடியாக மோதவிட்டு, ஜெயித்தவர்களை நினைவில் வைத்துக்கொண்டால், புதிதாக வருகிறவன் எட்டு ஆட்டம் ஆடினால் போதும். இரண்டு ஃபைலில் இருக்கும் ஒரே நம்பர் அடுத்தடுத்து வந்து நிற்கும். ஒன்றை எழுதிவிட்டு மற்றதைத் தள்ளிவிடலாம்.

ஐந்து மணி நேர வேலை பதினோரு நிமிடமாகச் சுருங்கியது. எனக்குத் தலைக்கனம் ஏறியது. எங்கள் முதலாளி கலிலோம்பே, நாங்கள் ப்வானா, அதாவது ஐயா, என்று கூப்பிடுவோம், அதைக் காட்டி எங்கிருந்தோ ஒரு சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டினார். ‘ஒருவரும் விடுபடவில்லை’ என்று அதில் தங்க எழுத்தில் போட்டிருக்கும். அதற்குக் கீழே நின்றுதான் சுட்ட மக்காச்சோளம் கடிப்பார். உமி என் கீபோர்டில் விழும். எச்சிலும்தான்.

எங்களோடு லவ்னெஸ் என்ற பெண் இருக்கிறாள். நான் செய்யும் பட்டியலை எடுத்து மெசேஜ் அனுப்புவது அவள். பள்ளத்தாக்குக்காரி. அவளுடைய அக்கா எஸ்னார்ட் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், இருபது நாள் கைக்குழந்தையோடு.

“அண்ணே, போன வாரம் சோதனை மெசேஜ் போச்சே, எங்க அக்காவுக்கு வரலையாம்” என்று லவ்னெஸ் என்னிடம் சொல்லியிருந்தாள்.

“உங்க அக்கா போன்ல என்னைக்கு சார்ஜ் இருந்துச்சு?”

“பக்கத்து வீட்டுக்கெல்லாம் வந்திருக்குண்ணே. அவளுக்கு மட்டும் வரல.”

“ஏம்மா, நாலு லட்சம் பேர்ல உங்க அக்காவைத் தனியா தேடிப் புடிச்சு விடறதுக்கு எனக்கு வேற வேலை இல்லையா? என் புரோகிராம் யாரையும் விடாது.”

இதை இப்போது நினைத்தால் என் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவத் தோன்றுகிறது.

அது மார்ச் மாதம், வியாழக்கிழமை. ஐந்து நாளாக மழை விடவில்லை. மாலை ஆறு மணிக்குள் ஆறு கரை உடைக்கும், மூன்று மணிக்குள் மெசேஜ் போயாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. லவ்னெஸ் காலையிலிருந்து அக்காவோடு போராடிக்கொண்டிருந்தாள். போன மாதம் தங்கை பேச்சைக் கேட்டு எஸ்னார்ட் மேடேறினாள். வெள்ளம் வரவில்லை. திருடன் வந்தான். ஆடு இரண்டும் போச்சு, வீட்டுக் கதவைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அதிலிருந்து அவள் ஒரே பிடியாக நின்றாள்.

“என்ன சொல்றா?” என்று கேட்டேன்.

“‘உன் மெசேஜ் வேணாம்டி, அந்த மெசேஜ் வரட்டும், போறேன்’கிறா. சொல்லிட்டு போனை ஆஃப் பண்ணிட்டா. சார்ஜ் மிச்சம் பண்றாளாம். மணிக்கொரு தடவை போட்டுப் பார்ப்பாளாம்.”

பள்ளத்தாக்கு முழுக்க அப்படித்தான். பொய் எச்சரிக்கை கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், எங்கள் மெசேஜ் வந்தால்தான் காலை எடுத்து வைப்பார்கள்.

சரியாக 12:50. நாற்றம்.

அழுகிய மீன். அதோடு குளத்தடிச் சேறு. அதோடு வேறு ஏதோ ஒன்று, தித்திப்பாக... அந்தத் தித்திப்புதான் தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது.

“லவ்னெஸ், உன் கருவாட்டை வெளிய கொண்டு போய்ச் சாப்பிடக் கூடாதா?”

“நான் இன்னிக்கு பீன்ஸ்தாண்ணே கொண்டுவந்தேன். இங்க பாருங்க.”

டப்பாவைத் திறந்து காட்டினாள். பீன்ஸ்தான். ப்வானா தன் அக்குளை முகர்ந்து பார்த்துக்கொண்டார். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு 12:55-க்குப் புரோகிராமை ஓடவிட்டேன்.

1:06-க்கு முடிந்தது. எந்த ஃபைலிலிருந்து எத்தனை நம்பர் வந்தது என்று ஒரு கணக்குக் காட்டும். வழக்கமாக நான் அதைப் பார்ப்பதில்லை. அன்று கண்ணில் பட்டது.

131: 0.

காலி ஃபைலா? திறந்து பார்த்தேன். காலி இல்லை. ஒரே ஒரு நம்பர் இருந்தது. முழு நம்பரைச் சொல்ல மாட்டேன். 88-இல் முடியும். ஃபைல் உண்டான தேதியைப் பார்த்தேன், போன வருஷம் மார்ச். யாரோ பழைய குப்பையைக் கலந்து அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அழித்துவிட்டு என்டர் தட்டினேன். விரல் வழுக்கியது.

என்டர் பட்டன் ஈரமாக இருந்தது. எச்சில் என்றால்கூடப் பரவாயில்லை. பிசுபிசுவென்று கொழகொழப்பு. துடைத்துக் கைக்குட்டையைப் பார்த்தேன். பழுப்பு. ஆற்று வண்டல்.

“ப்வானா, என் கீபோர்டுல என்னத்தைக் கொட்டித் தொலைச்சீங்க?”

“நான் ஒண்ணும் கொட்டலப்பா. பொம்பளை மாதிரி மூக்கைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கே, வேலையைப் பாரு. லிஸ்ட்டை அனுப்பு.”

ஒரு ஃபைல் தப்பாக வந்திருந்தால் மற்றதும் தப்பாக இருக்கலாம். மறுபடி ஓட்டினேன். 1:12. உள்ளே ஏதோ சொட்டுகிற சத்தம் கேட்டது. சொட்... சொட்... கூரை ஒழுகவில்லை. மெஷினுக்குள்ளேயிருந்து வந்தது. 1:23-க்கு முடிந்தது.

131: 0.

அழித்த ஃபைல் அங்கேயே இருந்தது. அதே நம்பர். அதே தேதி.

மறுபடி அழித்தேன். 1:29-க்கு ஓட்டினேன். நாற்றம் கைக்குட்டையைத் தாண்டி வாய்க்குள் வந்துவிட்டது. நாக்கில் சேற்றின் ருசி. குப்பைக்கூடையில் துப்பினேன். பழுப்பாக விழுந்தது.

1:40.

131: 0.

“மூணு தடவை ஓட்டிட்டே! இருக்கறதை அனுப்புடா!” ப்வானா கத்தினார்.

“ரெண்டு நிமிஷம்...”

டவர் கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வைத்த நம்பராக இருக்கும். கூப்பிட்டுத் திட்டிவிடலாம் என்று தோன்றியது. மேஜைப் போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தினேன். 1:46.

மணி அடித்தது. ஒன்று... இரண்டு... ஐந்து... எட்டு...

எடுத்தார்கள்.

ளக்... ளக்... குடத்தைத் தண்ணீரில் அமுக்குகிற சத்தம்.

“ஹலோ?”

ளக்...

“ஹலோ, யாருங்க?”

ஒரு ஆண் குரல். வயதான குரல். கோபமே இல்லை. மரியாதையாகத்தான் கேட்டது. வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி...

“மெசேஜ் அனுப்பிட்டீங்களா, ப்வானா? எனக்கு இன்னும் வரல.”

காதுக்குள் ஏதோ வழிந்தது. குளிர்ந்தது. பிசுபிசுத்தது.

ரிசீவரின் துளைகளிலிருந்து வழிந்தது.

போட்டுவிட்டுக் கூடையைக் கட்டிப்பிடித்து வாந்தியெடுத்தேன். காலையில் குடித்த தேநீர் வந்தது. பிறகு சேறு வந்தது. நான் சேறு சாப்பிடவில்லை.

லவ்னெஸ் ஓடிவந்து முதுகைப் பிடித்தாள். நிமிர்ந்தேன். திரையில் அந்த ஃபைல் திறந்திருந்தது. நான் திறக்கவில்லை.

ஒரே நம்பர். அதன் பின்னால், ஒட்டினாற்போல், அடுத்த எழுத்து விழும் இடத்தைக் காட்டும் சின்னக் கோடு மின்னி மின்னி அணைந்தது. எதற்கோ காத்திருக்கிற மாதிரி.

1:49.

என்டர் பட்டன்... கீழே போனது.

மெதுவாக.

யாரும் தொடவில்லை. லவ்னெஸும் பார்த்தாள்.

டக்.

சின்னக் கோடு அடுத்த வரிக்கு இறங்கியது.

அவ்வளவுதான். நாற்றம் கொஞ்சம் குறைந்தது. அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது.

என் புரோகிராம், ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கினால்தான் முந்தைய வரியை நம்பர் என்று ஏற்றுக்கொள்ளும். டவர் ஃபைல்களில் கடைசி நம்பருக்குப் பிறகு அடுத்த வரி என்று ஒன்று கிடையாது, அந்த நம்பரோடு ஃபைல் சட்டென்று முடிந்துவிடும். என் புரோகிராம் அந்தக் கடைசி ஆளை எண்ணாமலேயே கதவைச் சாத்திவிடும். ஒவ்வொரு ஃபைலிலும். ஒவ்வொரு தடவையும்.

இரண்டு கோடியில் பெரும்பகுதி இரட்டை என்று எப்படியும் தள்ளுகிறோம். அந்தக் குவியலுக்குள் இந்த இருநூற்றுச் சொச்சம் யார் கண்ணில் படும்? பலர் வேறு டவர் பக்கமும் போயிருப்பார்கள், அந்த ஃபைல் வழியாகப் பட்டியலில் வந்துவிடுவார்கள். ஒரே டவரை விட்டு நகராதவன், அந்த டவரிலேயே பெரிய நம்பர் வைத்திருப்பவன், அநேகமாகப் புதிதாக சிம் வாங்கினவன் (புது சிம்முக்குத்தான் பெரிய நம்பர் வரும்), அவன் மட்டும் வரவே மாட்டான். வரிசை மாறாது. அதனால் விடுபடுகிற ஆளும் மாறமாட்டான்.

நாலு வரி திருத்தினேன். ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை சரிபார்த்ததில் நாலு வரிக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. 2:07-க்கு ஓட்டினேன். 2:18-க்கு முடிந்தது.

131: 1.

பழைய பட்டியலைவிட முப்பத்தெட்டு நம்பர் அதிகம். அந்த முப்பத்தெட்டைத் தனியாகத் திரையில் போட்டேன். லவ்னெஸ் என் தோளுக்கு மேலே குனிந்து படித்தாள். பதினேழாவது வரியில் அவள் விரல் நின்றது.

“அண்ணே... இது எங்க அக்கா நம்பர்.”

அந்த வரியை மறுபடி படித்தேன்.

“புது சிம்முண்ணே. போன வருஷம் வெள்ளத்துல பழசு போச்சுன்னு இப்பத்தான் வாங்குனா. நான் சொன்னேன்ல? வரலைன்னு சொன்னேன்ல?”

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. ஓடிப்போய்த் தன் மெஷினில் உட்கார்ந்தாள்.

முப்பத்தெட்டில் 88-இல் முடிகிற அந்த நம்பரும் இருந்தது. “அந்தக் குப்பையைத் தூக்கிட்டு அனுப்பு” என்றார் ப்வானா. அழிக்க விரல் போனது. என்டர் பட்டனைப் பார்த்தேன். இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.

2:25-க்கு மெசேஜ் கிளம்பியது. 3:02-க்கு லவ்னெஸின் போன் அடித்தது. மறுமுனையில் குழந்தை அழுகிற சத்தம், மழைச் சத்தம், ஒரு பெண்ணின் மூச்சிரைப்பு. “வந்துருச்சுடி. ஏறிக்கிட்டிருக்கோம்.”

ஐந்தே முக்காலுக்கு ஆறு கரை உடைத்தது.

பத்து நாள் கழித்து எஸ்னார்ட் ஆபீஸுக்கு வந்தாள். முதுகில் துணியில் கட்டிய குழந்தை. கையில் எனக்காக ஒரு உயிர்க் கோழி. வாங்கக் கூசியது. இரண்டு கையையும் லேசாகத் தட்டி, முழங்காலை மடக்கி, “ஸிகோமோ” என்று நன்றி சொன்னாள். அந்த நன்றியை நான் எங்கே வைப்பேன்?

பேச்சுவாக்கில் போன வருஷ வெள்ளத்தைப் பற்றிச் சொன்னாள்.

“அப்ப நாங்க டவருக்குப் பக்கத்துல இருந்தோம் அண்ணே. மெசேஜ் வந்ததும் எல்லாரும் கிளம்பிட்டோம். டவர் காவக்காரர் ஒருத்தர், பாம்போ ஃபோஸ்டினோன்னு மரியாதையா கூப்பிடுவோம், பெரியவரு. டவரடியிலேயே தூங்குவாரு, அங்கேயே பொங்கித் தின்பாரு, எங்கயும் போகமாட்டாரு. ‘வாங்க பாம்போ, போலாம்’னு நானே கூப்பிட்டேன். போனை பிளாஸ்டிக்ல சுத்திக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறாரு. ‘எனக்கு இன்னும் வரலம்மா. மெசேஜ் வந்தாத்தான் டவரை விடணும்னு உத்தரவு. இப்ப வந்துரும், நீங்க போங்க’ன்னாரு.”

லவ்னெஸ் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“ஒம்போது நாள் கழிச்சு சேத்துக்குள்ள கெடச்சாரு. மீனு தின்ன முகம்... வேணாம், சாப்புடற நேரம். அந்த நாத்தத்துல யாரும் கிட்டப் போகல. எங்க வீட்டுக்காரருதான் துணிஞ்சு எடுத்தாரு. கையில போனை அப்படி இறுக்கிப் புடிச்சிருந்தாரு. விரலைப் பிரிக்க முடியல. அப்படியே வெச்சுப் பொதைச்சுட்டோம்.”

“டவரு என்ன ஆச்சு?” என்றேன்.

“அன்னிக்கே ஆத்தோட போயிருச்சு. இன்னும் கட்டல.”

அன்றைக்கே டவர் கம்பெனியைக் கூப்பிட்டேன். அங்கே இருந்தவன் சிரித்தான். “131-ஆ? அது போன மார்ச்சே போயிடுச்சே. நாங்க உங்களுக்கு இருநூத்திப் பதிமூணு ஃபைல்தானே அனுப்பறோம்?”

வியாழக்கிழமை வந்த ஃபைல்களை எண்ணினேன். 214.

போன வருஷத்து 131-ஆம் ஃபைலைத் தேடி எடுத்தேன். கடைசி வரி, 88-இல் முடியும் அதே நம்பர். அந்த வருஷம் நான் செய்த பட்டியலில் தேடினேன். இல்லை.

ப்வானாவிடம் போய்ச் சொன்னேன். மக்காச்சோளத்தைக் கடித்துக்கொண்டே கேட்டார். “நாலு லட்சத்துல நாப்பது பேரு. அதெல்லாம் ஒரு கணக்கா? வெளிய மூச்சு விடாதே” என்றார். பல்லிடுக்கிலிருந்து உமியை எடுத்துச் சான்றிதழுக்குக் கீழே சுவரில் தேய்த்தார். எனக்கு அவரைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. வெளியே வந்து குழாயடியில் கை கழுவும்போது கண்ணாடியில் தெரிந்த முகமும் அப்படியே இருந்தது.

கடைசியாக ஒன்று மட்டும் பார்க்க வேண்டியிருந்தது. பார்க்காமலே இருந்திருக்கலாம். எந்த மெசேஜ் எந்தப் போனுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று லவ்னெஸின் மெஷினில் அறிக்கை இருக்கும். சார்ஜ் இல்லாத போன், உடைந்த போன் என்றால் ‘சேரவில்லை’ என்று வரும்.

அந்த நம்பரைத் தேடினேன்.

வியாழக்கிழமை. 2:43. சேர்ந்தது.